வயல்காரர் கோல்

தங்கையன் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் உளுந்து விதைக் கூடை. எதிரே ஆறு மா நிலத்தில் சம்பா நெல், அறுப்புக்குத் தயாராகித் தலை சாய்ந்து கிடந்தது. கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி, தெளிக்கப் போகிறவர்போலக் கையை ஓங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டு சொன்னார்.

"எண்பத்தொம்போது பைனல் கோல எம்பேருக்கு மாத்துங்க மாப்ள. இல்லேன்னா இந்தா, வீசிருவேன்."

வைரக்கண்ணுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறியவர் அவர். கரண்ட் பார்க்கிற டெஸ்டர் இன்றைக்கும் சட்டைப்பையில் இருக்கிறது, ஓய்வு பெற்றாலும் அதை மட்டும் எடுத்து வைக்க மனம் வரவில்லை. மழையில், இடியில், கம்பத்து உச்சியில் நின்றபோதெல்லாம் கலங்காத மனிதர், மச்சினன் கையிலிருந்த ஒரு பிடி உளுந்தைப் பார்த்து நடுங்கிப்போனார்.

நடுங்கக் காரணம் இருந்தது. அந்தப் பக்கத்தில் நெல் நிற்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். மேலே நெல் அறுபட்டுப் போகும்போது அடியில் உளுந்து முளைவிட்டிருக்கும். காசு கொடுத்து உழவேண்டாம், தண்ணீர் விடவேண்டாம், பனியைக் குடித்தே வளர்ந்துவிடும். முளைத்த பயிரை மிதித்துக்கொண்டு எவன் பந்து விளையாடுவான்? ஆகவே அவர்கள் ஊரான வெள்ளங்கோட்டகத்தில் கால்பந்து என்றால், யாரோ ஒருவர் தன் வயலில் அந்த வருஷம் உளுந்து போடாமல் விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று பொருள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது. கிழக்கே இருந்த மேட்டு நிலமெல்லாம் இறால் குட்டையாகிவிட்டது. மற்ற வயல்களில் ஏற்கெனவே உளுந்து விழுந்தாயிற்று. விடிவெள்ளி கால்பந்துக் கழகத்தின் பொன்விழாப் போட்டிக்கு மிச்சமிருந்தது, ரோட்டோரம் ஒரே வரப்புக்குள் கிடக்கும் தங்கையனின் இந்த ஆறு மா மட்டும்தான். கார்த்திகையில் வாய்நிறையத் தருகிறேன் என்றவர், இப்போது கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறார்.

வயலை விட்டுக்கொடுக்கிறவருக்கு விடிவெள்ளி செய்கிற மரியாதை ஒன்று உண்டு. செவன்ஸ் ஆட்டத்தின் ஏழு பேரில் ஓர் இடம் வயல்காரர் வீட்டுக்கு. ஆடத் தெரியுமா என்று கேட்கக் கூடாது, கேட்டால் அடுத்த வருஷம் வயல் கிடைக்காது. ஒரு வருஷம் வயல்காரர் வீட்டில் ஆள் இல்லாமல் அவர் மருமகன் வந்து இறங்கினார். மணமாலையோடு வராத குறைதான். புதுக் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பொத்திக்கொண்டு ஆட்டம் முடியும்வரை ஓரமாக நின்றார், அப்புறம் வீட்டுக்குப் போய் உடம்பு வலி என்று படுத்துக்கொண்டார். சுற்றுவட்டாரத்தில் விடிவெள்ளிக்கு 'ஆறு ஆளும் ஒரு மிராசும்' என்று பெயர். தங்கையனும் அப்படி ஐந்து ஆட்டம் ஆடியவர்தான். ஆடியவர் என்று எழுதுவது ஒரு மரியாதைக்காக.

இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் கழகத்தின் வரலாற்று இணையதளத்தில் போய்ப் படித்துக்கொள்ளலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதைத் தொடங்கியது எழில்மொழி. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஊரிலிருந்தே வேலை பார்ப்பவள், விடிவெள்ளியின் பழைய கோல்கீப்பர் மகள். அப்பா போனபிறகு அவர் பெட்டியில் இருந்த போட்டோக்களை ஏற்ற ஆரம்பித்தாள். சிங்கப்பூரிலும் குவைத்திலும் திருப்பூரிலும் இருந்த ஊர்க்காரர்கள் மொய்த்துவிட்டார்கள். வரலாறு சேகரிக்கும் பொறுப்பை முன்னாள் கேப்டன் வைரக்கண்ணு ஏற்றுக்கொண்டார். இருவருக்கும் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. ஏனென்றால் தளம் திறந்த முதல் மாதமே ஊரில் இருந்த எல்லோரும் கோல் போட்டவர்கள் ஆகிவிட்டார்கள். இரண்டுக்கு ஒன்று என்று முடிந்த ஆட்டத்தில் தான் மட்டும் நான்கு போட்டதாகக் குவைத்திலிருந்து ஒருவர் சத்தியம் செய்தார். வைரக்கண்ணு பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு சட்டம் கொண்டுவந்தார். எந்தக் கோலாக இருந்தாலும் இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று நம் ஊர், ஒன்று எதிரணி. அதற்கப்புறம் பாதிப் பேருடைய கோல் ஆவியாகிவிட்டது, ஊரில் பாதிப் பேர் அவரோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எண்பத்தொன்பது பைனலுக்கு மட்டும் யாரும் சாட்சி கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது? தளத்தைத் திறந்ததும் மேலே வருகிற படமே அதுதான். முத்துப்பேட்டை அணியை ஒன்றுக்குச் சைபர் என்று வென்ற அன்று, ஊரே வைரக்கண்ணுவைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறது. வலது கை வானத்தை நோக்கி உயர்ந்திருக்கிறது. இடது கை இடுப்பில், ஒரு ராஜாவைப் போல. அந்தப் படத்தின் கீழே சிங்கப்பூர்க்காரர்கள் போடும் நெருப்பு எமோஜிகளை எண்ணி முடியாது.

அந்த ஒரு கோலில்தான் அவர் வாழ்க்கையே அமைந்தது என்றால் மிகையில்லை. அன்று வரப்பில் நின்று பார்த்த வயல்காரர், தங்கையனின் அப்பா, "இந்தப் பயலுக்குத்தான் எம்பொண்ணு" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். சைக்கிள்கூட இல்லாத, வேலை இன்னும் நிரந்தரமாகாத ஓர் ஒயர்மேனுக்கு, ஆறு மாவும் நான்கு ஜோடி மாடும் வைத்திருந்த வீட்டிலிருந்து பெண் வந்தது. வேம்பு.

"மச்சான், கைய எறக்குங்க" என்றார் வைரக்கண்ணு. "வெளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு. அன்னிக்கி நீங்க பந்த தொட்டீங்களா மொதல்ல?"

"நான் தொடல. அது என்னைய தொட்டுச்சு."

"எங்க?"

தங்கையன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓங்கிய கை மட்டும் இறங்கவில்லை.

"இத்தன வருஷம் இல்லாம இப்ப என்ன?"

"பேரன் சிங்கப்பூர்லேருந்து போன் பண்ணுறான் மாப்ள. 'தாத்தா, ஒங்க பேருக்கு நேரா நெல்லுக்கதிரு படம் போட்டிருக்கே, அப்டின்னா பெரிய பிளேயரா'ங்குறான். வயக்காரன் எடத்துல ஆடுனவனுக்கெல்லாம் கதிரு போட்டு வச்சிருக்கீங்க. நான் என்னத்த சொல்லுவேன்? ஆமாண்டா தம்பின்னேன். அப்பறம் அவனே பாத்துப்புட்டு, 'ஆட்டம் அஞ்சு, கோல் சைபரா தாத்தா'ங்குறான். சைபருன்னு சொல்லையில சிரிக்கிறான் மாப்ள." தங்கையனின் குரல் கொஞ்சம் உடைந்தது. "முப்பத்தாறு வருஷம் தங்கச்சி வாழ்க்கைன்னு வாயத் தொறக்காம இருந்தேன். இனிமே எனக்கென்ன பயம், தங்கச்சிதான் பேரன் பேத்தி எடுத்தாச்சே. ஒங்க ரூலுபடியே பண்ணுங்க. முத்துப்பேட்டை ஃபாஜில போயிக் கேளுங்க. ஈரம் காயிறதுக்குள்ள சொல்லணும். காஞ்சா உளுந்து மொளைக்காது, நான் எல்லா எடத்துலயும் நட்டப்பட முடியாது."

ஃபாஜில் அன்று முத்துப்பேட்டைக்குக் கோல்கீப்பராக நின்றவர்.

எழில்மொழியிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவள் சிரிப்பாள், பிறகு மச்சினனைச் சமாதானம் செய்ய வழி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார் வைரக்கண்ணு. அவள் சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து தட்டினாள். எண்பத்தொன்பது பைனல் கோலுக்குப் பக்கத்தில் சின்னதாக 'சரிபார்ப்பில் உள்ளது' என்று வந்துவிட்டது.

"ஏய், என்னடியம்மா பண்ற?"

"ரூல் நீங்க போட்டது சித்தப்பா. குவைத் மாமாவோட நாலு கோல அழிச்சப்ப நீங்கதான பக்கத்துல ஒக்காந்து டீ குடிச்சீங்க?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்" என்றாள். அவளுடைய அப்பா பெனால்டிக்கு எதிரே நிற்கும்போது இருந்த அதே முகம்.

பொழுது சாய்வதற்குள் அவருடைய போன் சூடாகிவிட்டது. சிங்கப்பூர் குழு, யார் இந்தச் சதிகாரன் என்று கேட்டது. குவைத்துக்காரர் மட்டும், 'தர்மம் தலைகாக்கும், அண்ணனுக்கும் ஒரு நாள் வரும்னு தெரியும்' என்று எழுதி, கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருந்தார். வைரக்கண்ணு போனை அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாக வண்டியை எடுத்துக்கொண்டு முத்துப்பேட்டைக்குக் கிளம்பினார். மனதில் பயம் எல்லாம் இல்லை. ஃபாஜில் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்தக் கோலை வாங்கியவனுக்குத் தெரியாதா, போட்டவன் யாரென்று? வழியெல்லாம் அதை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தார். இடப்பக்கம் பந்து வருகிறது, ஒருவனை ஏமாற்றுகிறார், அடிக்கிறார், அதே நொடி முத்துப்பேட்டையின் மலைபோன்ற தடுப்பாட்டக்காரன் வந்து மோதுகிறான், முகம் சேற்றில். ஒரு பெருஞ்சத்தம். எழுந்திருக்கும்போது தோள்மேல் இருக்கிறார். பந்து வலைக்குள். ஆயிரம் தடவை ஓடிய படம் இது, ஒரு இடத்திலும் தேய்மானம் இல்லை. ஆனால் கோவிலூர் தாண்டுகையில் முதன்முறையாக ஒன்று உறைத்தது. முகம் சேற்றில் இருக்கிற அந்த இடத்தில் படத்தில் ஒன்றுமே இல்லை. அவர் பந்து உள்ளே போவதைப் பார்த்ததே இல்லை.

ஃபாஜில் இப்போது பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். ஒருகாலத்தில் குறுக்குக் கம்பத்தைத் தாவிப் பிடித்தவர், இப்போது நாற்காலியிலிருந்து எழ மேசையைப் பிடித்துக்கொள்கிறார்.

"அட, வைரக்கண்ணு அண்ணே! வாங்க வாங்க. பொன்விழாவுக்கு வெள்ளையடிக்கிறீங்களா?"

"ஒரு சாட்சி வேணும் ஃபாஜில்."

விஷயத்தைக் கேட்டதும் ஃபாஜிலின் முகம் ஒருமாதிரி ஆனது. கடைப் பையன்கள் இருவரையும் டீ வாங்கிவரச் சொல்லி ஒரே நேரத்தில் அனுப்பினார். வாடிக்கையாளர் ஒருவர் பிரஷ் கேட்டு வந்தார், இல்லை என்று சொல்லிவிட்டார், அவருக்குப் பின்னாலேயே பிரஷ் கொத்துக்கொத்தாகத் தொங்கியது.

"அண்ணே, இது அவசியம் எழுதணுமா?"

"ஏன், எழுதுறதுக்கென்ன? நாந்தானே அடிச்சேன்?"

"நீங்கதான் அடிச்சீங்க. அதுல சந்தேகமே இல்ல" என்று சொல்லி, ஃபாஜில் கொஞ்ச நேரம் கல்லாப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா பந்து வைக்கப்போருக்குல்ல போச்சு."

"எந்த வைக்கப்போரு?"

ஃபாஜில் பெருமூச்சு விட்டு எழுந்தார். தரையில் இரண்டு பிரைமர் டின்களைத் தள்ளித்தள்ளி வைத்தார். அது கோல். தின்னர் பாட்டில் அவர். ஓரத்தில் ஒரு மூட்டைச் சுண்ணாம்பு, வைக்கோல் போர். பிறகு கடையிலேயே பெரிய இருபது லிட்டர் வாளியைத் தூக்கிவந்து கோலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது யாரு?" என்றார் வைரக்கண்ணு, தெரிந்துகொண்டே.

"தங்கையண்ணே. ஆட்டம் பூரா அங்கினதான் நின்னாரு. நான் ஆளுன்னே கணக்குல எடுத்துக்கல. நீங்க அடிச்சீங்க, பந்து வெளிய போகுது, நல்லாத் தெரியுது. சரி போகட்டும்னு கைய கட்டிட்டு நிக்கிறேன். அந்த நேரம் பாத்து மனுசன் குனியிறாரு."

"குனியிறாரா? எதுக்கு?"

"கோரப் புல்லு பிடுங்க. தரையில ஒரு கோர மொளச்சிருக்கு. அவரு வயலு, அவரு கண்ணுக்குப் பொறுக்கல. கோல் பக்கம் முதுகக் காட்டிட்டு... இல்ல, உங்க பக்கம்..." ஃபாஜில் வாளியைத் தூக்கித் திசை சரிபார்த்து, வாளியின் பின்பக்கத்தில் பளாரென்று ஓர் அடி அடித்தார். "இங்கின பட்டுச்சு. பட்டு, அப்டியே திரும்பி, எனக்கு அந்தப் பக்கம் உள்ள போயிருச்சு. நான் கட்டுன கைய அவுக்கல அண்ணே."

செவன்ஸில் ஆஃப்சைடு கிடையாது. கோல் கோல்தான். வைரக்கண்ணு சுண்ணாம்பு மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோலுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு ஆள் நீட்டிப் படுக்கலாம்.

"ஏன் ஃபாஜில் யார்கிட்டயும் சொல்லல?"

"எப்டிச் சொல்லுவேன்? வைரக்கண்ணு அடிச்சு கோல் வாங்குனேன்னா அது ஒரு கௌரவம். தங்கையண்ணே பின்பக்கத்துல பட்டுக் கோல் வாங்குனேன்னு சொன்னா, எனக்கு இந்த ஊர்ல பொண்ணு குடுத்திருப்பாங்களா?"

டீ வந்தது. இருவரும் குடித்தார்கள். கிளம்பும்போது ஃபாஜில், "சாட்சின்னா நான் பொய் சொல்ல மாட்டேண்ணே. கேக்கலேன்னா சொல்லவும் மாட்டேன்" என்றார். அதை நினைத்துக்கொண்டே வைரக்கண்ணு வண்டி ஓட்டினார். கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டால் என்ன? ஃபாஜில் ஊரில் இல்லை, மகளைப் பார்க்கக் கோலாலம்பூர் போயிருக்கிறார் என்று எழில்மொழியிடம் சொல்லிவிடலாம். ஆனால் வயல் போய்விடும், பொன்விழா போய்விடும். கோலைக் கொடுத்தால் வயல் இருக்கும், படத்தில் தோள்மேல் இருக்கிற ஆள் யாரென்று ஆகிவிடும். பாதி வழியில் அவருக்குச் சட்டென்று உயிர் வந்தது. சட்டப்படி இரண்டு சாட்சி வேண்டுமே! எதிரணி சாட்சி கிடைத்துவிட்டது, உள்ளூர்ச் சாட்சி? அன்று ஆடியவர்கள் அத்தனை பேரும் வைரக்கண்ணு கோல் என்றுதான் சொல்லுவார்கள். தங்கையன் சொல் தங்கையனுக்கே செல்லாது. தான் போட்ட சட்டம் தன்னைக் காப்பாற்றுவதை எண்ணி, அவர் எதிரே வந்த மணல் லாரிக்குத் தாராளமாக வழிவிட்டார்.

வேம்பு கொல்லையில் மடவை மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று பூனைகள் வரிசையில் உட்கார்ந்திருந்தன.

"என்னவாம் ஃபாஜில்?"

"அவன் என்னத்தயோ ஒளர்றான். ஒத்தச் சாட்சி செல்லாது. ஊர்ல ஒருத்தன் பாத்திருக்கணும்ல?"

வேம்பு மீனைத் திருப்பிப் போட்டாள். "ஒருத்தனே பாக்கணுமா? ஒருத்தி பாத்தா ஆவாதா?"

வைரக்கண்ணு வண்டிச் சாவியைப் பைக்குள் போடப் போய்க் கீழே போட்டார்.

"நான் கோலுக்குப் பின்னாடி வரப்புலதான் நின்னேன், தண்ணிக் கொடத்தோட. அண்ணன் குனிஞ்சதையும் பாத்தேன், பட்டதையும் பாத்தேன். அண்ணன் அம்மாடின்னுச்சு. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொல்லுச்சு. 'வாய மூடுடா, வெத்தல பாக்கு மாத்தியாச்சு'ன்னு அப்பா வைதாரு. மூணு நாளு குப்புறத்தான் படுத்துக் கெடந்துச்சு, பாவம்."

வைரக்கண்ணுவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சேற்றில் விழுந்தபோது வந்த சூடு அதைவிடக் குறைவு. முப்பத்தாறு வருஷமாக இந்த வீட்டில் அந்தக் கோலைப் பற்றி எத்தனை தடவை பேசியிருப்பார்? விருந்தாளி வந்தால், மழை வந்தால், மின்சாரம் போனால். ஒவ்வொரு தடவையும் இவள் தலையை ஆட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டாருக்கு இன்னொரு தோசை வைத்திருக்கிறாள். எல்லாம் தெரிந்துகொண்டு!

"அப்பறம் என்னத்துக்குடி என்னைக் கட்டிக்கிட்ட?" என்று கத்தினார். பூனைகள் எழுந்து நின்றன.

வேம்பு நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், செதில் ஒட்டிய புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"கோலுக்குக் குடுத்தது எங்கப்பா. என்னைய கேட்டாரா? ஒங்கள தோள்ல தூக்குனாங்கள்ல, அப்ப எறக்குங்கடா எறக்குங்கடான்னு நீங்க கெஞ்சுனீங்க. யாரு காதுலயும் வுழல. கால்சட்ட பின்னாடி கிழிஞ்சு தொங்குது. ஒரு கையால அத புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால நிறுத்துங்கடான்னு ஆட்டுறீங்க. ஊரு பூரா கைதட்டுது. மூஞ்சி அழுவுற மாதிரி இருக்கு. நான் கொடத்த கீழ வச்சிட்டு வுழுந்து வுழுந்து சிரிச்சேன். இப்டி ஒரு மனுசன் இருந்தா வீட்டுல பொழுது போவும்னு நெனச்சேன்."

அவர் குனிந்து கீழே கிடந்த சாவியை எடுத்தார்.

"பொழுது போச்சா?" என்றார் வைரக்கண்ணு, மெதுவாக.

"போவாம?" என்று சொல்லி வேம்பு குடலைப் பூனைகளுக்கு எறிந்தாள். "அண்ணனுக்கு அந்தக் கோல குடுத்துருங்க. அதுக்கு இருக்குறது இந்தக் கோலு ஒண்ணுதான். ஒங்களுக்கு வேற நெறைய இருக்குல்ல."

நிறைய இருந்தது, உண்மைதான். கோவில்பத்து அணிக்கு எதிராகத் தலையால் போட்டது, மழையில் போட்டது, காய்ச்சலோடு போட்டது. ஒன்றுக்கும் பெண் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வைரக்கண்ணு மீன் வாடைக்கு மூக்கைத் துடைப்பவர்போலக் கண்ணையும் துடைத்துக்கொண்டார். கோல் போனதற்கா, அது போயும் இவள் இருக்கிறாளே என்பதற்கா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மீன் குழம்பு அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மாலையில் எழில்மொழி வீட்டில் திருத்தம் நடந்தது. தங்கையனும் வந்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பத்திரப் பதிவுக்கு வந்தவர்போல. வைரக்கண்ணு தன் வாயாலேயே சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். அவர் பெயரில் ஒன்று குறைந்தது. தங்கையன் பெயரில், நெற்கதிருக்குப் பக்கத்தில், சைபர் ஒன்றானது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் எழில்மொழியின் தளம் அடுத்த கேள்வி கேட்டது. கோல் எதனால் போடப்பட்டது? கீழே மூன்று விடைகள்தான் இருந்தன. வலது கால், இடது கால், தலை.

"தலைன்னே போட்டுரு" என்றார் தங்கையன்.

"பொய் போட முடியாது மாமா. நான் புதுசா ஒண்ணு சேக்குறேன். என்னன்னு போடட்டும்?"

"இடுப்பு."

ஃபாஜிலுக்குப் போன் போட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, அல்லாவுக்குப் பொதுவாக அது இடுப்பு இல்லை என்றார். "முதுகுன்னு போட்டா கௌரவமா இருக்கும்" என்று தங்கையன் கெஞ்சினார். "முதுகுக்கு ரொம்பக் கீழண்ணே" என்றது போன். அரைமணி நேரம் வழக்கு நடந்தது. கடைசியில் எழில்மொழி 'உடல்' என்று போட்டாள். கழகத்தின் வரலாற்றில் அந்த வகைக் கோல் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மேலே இருந்த படத்தை எடுத்துவிடலாமா என்று அவள் கேட்டபோது, வைரக்கண்ணு வேண்டாம் என்று தலையசைத்தார். படத்தின் கீழே மட்டும் 'கோலுக்குப் பின், கால்சட்டையுடன் வைரக்கண்ணு' என்று மாற்றச் சொன்னார். அன்றைக்குச் சிங்கப்பூரே சிரித்தது. பேரன் போன் பண்ணினான். தங்கையன் ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கெல்லாம் கேட்க வைத்தார்.

தங்கையன் சொன்ன வாக்கு தவறவில்லை. கூடையோடு போய், ஆட்டத்துக்கு வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியுள்ள ஓரங்களில் உளுந்தைத் தெளித்தார். மாசியில் பார்த்தால், நாலு பக்கமும் பச்சையாக உளுந்து, நடுவில் வெறும் தரையாக மைதானம். எல்லைக்கோடு போடச் சுண்ணாம்பே தேவைப்படவில்லை.

போட்டியைத் தொடங்கிவைக்க முதலில் பழைய ஆட்டக்காரர்களின் ஆட்டம். விடிவெள்ளிக்கும் முத்துப்பேட்டைக்கும். ஃபாஜில் மகள் வாங்கிக்கொடுத்த புதுக் கையுறையோடு கோலில் நின்றார், குனிய மாட்டேன் என்று முன்கூட்டியே நடுவரிடம் சொல்லிவிட்டிருந்தார். வழக்கப்படி ஏழாவது இடம் வயல்காரருக்கு. தங்கையன் புது அரைக்கால் சட்டையில், பழைய இடத்தில் போய் நின்றார். வைரக்கண்ணு தன் கால்சட்டையை இரண்டு ஊக்கு போட்டுப் பத்திரப்படுத்தியிருந்தார். ஓடினால் மூச்சு வாங்கியது, ஆகவே பெரும்பாலும் கத்திக்கொண்டிருந்தார். வரப்பில் வேம்பு, பெண்களோடு. எழில்மொழி செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நின்றாள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம், யாரும் எதிர்பாராமல் பந்து உருண்டு வந்து இடப்பக்கம் வைரக்கண்ணுவின் காலடியில் நின்றது. அவரைத் தடுக்க வேண்டிய முத்துப்பேட்டைக்காரர் தொடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிரே ஒருவரும் இல்லை. இந்த வயதில், இத்தனை சாட்சி முன்னால், இனி இப்படி ஒரு பந்து வரப்போவதில்லை. அவர் தலையை நிமிர்த்திக் கோலைப் பார்த்தார்.

கோலுக்குப் பக்கத்தில் தங்கையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் தரையில் ஒரே ஒரு கோரை முளைத்திருந்தது. அவர் அதைப் பார்த்ததை ஃபாஜில் பார்த்தார். வரப்பில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தங்கையன் இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மெல்லக் குனிந்தார்.

"அண்ணே, வேணாம்ணே!" என்று கத்திக்கொண்டு ஃபாஜில் தங்கையன் பக்கமாக நகர, மறுபக்கக் கோல் ஆள் இல்லாமல் திறந்து கிடந்தது. வரப்பில் வேம்பு அதற்குள்ளாகவே புறங்கையால் வாயைப் பொத்திவிட்டாள்.

வைரக்கண்ணு இடது கையால் கால்சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலைப் பின்னுக்கு இழுத்தார். தங்கையன் இன்னும் நிமிரவில்லை. கோரைக்கு வேர் ஆழம் போலிருக்கிறது.